அக்கா சாட்சி சொன்ன பிறகு

என் அக்காவின் மார்பில் இருந்த கட்டி குறைந்துவிட்டது என்று முதன்முதலில் சொன்னவள் நான்தான். எல்லாரும் அந்த பாஸ்டரைத் திட்டும்போது நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொன்னதில்லை. அக்கா போய் மூன்று வருஷமாகிறது. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் லேபில் வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பது, சாம்பிள் பிரிப்பது, கண்ணாடி ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. அதைப் பார்த்து என்ன நோய் என்று சொல்வது டாக்டர். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். இதற்கு என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அக்கா மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனாள், களை எடுக்கப் போனாள், ஒரு வருஷம் செங்கல் சூளைக்கும் போனாள். என்னை ஒரு நாள்கூட வெயிலில் இறங்க விட்டதில்லை.

நான் படிப்பை முடித்த பிறகுதான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா கொத்தனார். பெருமுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் வீடு. பிள்ளை இல்லை. பதினைந்து வருஷம் பிள்ளைக்காக ஜெபித்தாள். பிறகு அதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அங்கன்வாடியில் சமைக்கிற வேலை கிடைத்தது. கலவை சாதமும் சுண்டலும் செய்து, பிள்ளைகளுக்கு ஊட்டி, கை கழுவிவிட்டு, பாய் போட்டுத் தூங்க வைப்பாள். ஊர்த்தெருப் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் வீட்டிலிருந்தே டப்பாவில் சாப்பாடு வரும். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. அக்காவும் கேட்டதில்லை. அந்த டப்பாக்களையும் அவளே கழுவி அனுப்புவாள்.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். காலனியில் ஓடு போட்ட பழைய சர்ச் ஒன்று உண்டு. ஆயர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்பு புரிந்தது. விசுவாசத்துக்கும் நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். ரெண்டும் ஒன்னுதான் உக்காரு என்றார் வாத்தியார். அது ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கட்டியை அக்கா குளிக்கும்போது கவனித்திருக்கிறாள். என்னிடம் சொல்ல இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். நான் விழுப்புரத்துக்கு வரச் சொல்லி எங்கள் லேபிலேயே கட்டியில் ஊசி போட்டுச் சாம்பிள் எடுக்க வைத்தேன். ஸ்லைடுக்கு நானே சாயம் ஏற்றினேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, எப்போதும் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி ரிசல்ட் சொல்கிறவர், அன்று எழுந்துவந்து கதவைச் சாத்தினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்னக் கட்டிதான், அக்குளுக்குப் பரவவில்லை, ஆபரேஷன் செய்து மருந்து ஏற்றினால் நல்லபடியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா கேட்டாள்.

"முழுசா எடுத்துடுவாங்களாடி?"

"ஆமாக்கா."

"அதுக்கப்புறம் ரவிக்க எப்படிப் போடறது?"

அதுக்கெல்லாம் வழி இருக்குதுக்கா என்றேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அந்த மூன்று வாரத்துக்கு நடுவில்தான் கூட்டேரிப்பட்டுக் கூட்டம் வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மைதானத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம். திண்டிவனத்தில் ஜெபவீடு நடத்திய ஒரு பாஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார். அங்கன்வாடிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் அந்த ஜெபவீட்டுக்குப் போகிறவள். அவள் கூப்பிட, அக்கா என்னைக் கூப்பிட்டாள். எங்களுக்கு அந்த மாதிரிக் கூட்டம் பழக்கமில்லை. போய்த்தான் பார்ப்போமே என்று லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

சாயங்காலம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளெல்லாம் நிறைந்து பின்னால் தார்ப்பாயில் உட்கார்ந்தோம். பாஸ்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பேசினார். பிறகு ஜெபிக்க ஆரம்பித்து, "இங்க ஒரு சகோதரி இருக்கீங்க. ஒடம்புல ஒரு கட்டியோட வந்திருக்கீங்க. இப்பவே கர்த்தர் தொடறாரு. கைய வெச்சுப் பாருங்க" என்றார். அத்தனை பேர் கூடிய இடத்தில் கட்டியோடு ஒரு பெண்ணாவது இருக்கத்தான் செய்வாள். இன்று அது எனக்குத் தெரிகிறது. அன்று எங்களையே பார்த்துச் சொல்வதுபோல இருந்தது.

அக்கா முந்தானைக்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாப்பா, நீ தொட்டுப் பாருடி."

தொட்டேன். சுற்றிலும் அழுதுகொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் மண்ணில் நெற்றியை வைத்துக் குலுங்கினார். மூன்று வாரமாக எனக்குத் தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் அந்த ஸ்லைடுதான், நீலமும் ஊதாவுமாக. அக்காவின் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் சொன்னேன்:

"ஆமாக்கா. கொறைஞ்ச மாதிரிதான் இருக்குது."

அவள் எழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் கையைத் தூக்கிக் கத்தினாள். தொண்டர்கள் இரண்டு பேர் வந்து வழி விலக்கி அக்காவை முன்னால் கூட்டிப்போனார்கள். மேடையில் ஏற்றி, சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள் வாழ்க்கையில் மைக் பிடித்ததில்லை. வாய்க்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு, "எனுக்கு மார்ல கட்டி இருந்துச்சி. டாக்டருங்க அறுக்கணும்னாங்க. இப்ப கொறைஞ்சிடுச்சி. இயேசப்பாவுக்கு நன்றி" என்றாள். மைதானமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஆஸ்பத்திரித் தேதிக்கு முந்தின நாள் போன் செய்தேன். நாளைக்கு அட்மிஷன், துணியெல்லாம் எடுத்து வைத்தாயா என்று கேட்டேன்.

"எதுக்குடி?" என்றாள். "போனா இயேசப்பா செஞ்சத நம்பலன்னு ஆயிடும்ல?"

"ஸ்கேன் மட்டும் எடுத்துப் பாத்துடலாம்கா. இல்லன்னு வந்தா நல்லதுதான?"

"நீதானடி தொட்டுப் பாத்த?"

நான் பொய் சொன்னேன் என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். ஒருவேளை உண்மையாகவே குறைந்திருக்குமோ என்று எனக்குள்ளும் ஓர் ஓரத்தில் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். லேபில் வேலை செய்கிறவள், ஸ்லைடைத் தன் கையால் செய்தவள், எனக்கே அப்படி இருந்தது.

பாஸ்டரிடம் போனேன். திண்டிவனத்தில் பழைய ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஷீட் போட்ட கட்டடம் அவருடைய ஜெபவீடு. மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் சொன்னால் அக்கா கேட்பாள், ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"எடுக்க வேணாம்னு நான் சொல்லவே இல்ல சிஸ்டர்" என்றார். "ஆனா எதுக்கு எடுக்கறீங்க? சந்தேகத்துக்கா, சாட்சிக்கா? அத மட்டும் நீங்களே யோசிச்சுக்கோங்க."

அவருடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அவர் மனைவி அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்துகொண்டிருந்தாள். மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஜெபித்திருக்கிறோம் என்றாள். அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்களிடம் ஒரு ரூபாய் அவர் வாங்கியதில்லை. தான் சொன்னதை முழுக்க நம்பியவர் அவர்.

அதன்பிறகு அக்காவை அவர்களுடைய வேனில் ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். மயிலம், ஒலக்கூர், மரக்காணம் என்று எங்கே கூட்டம் நடந்தாலும் அக்காவுக்கு மேடையில் ஒரு நாற்காலி உண்டு. வெளிர்நீலத்தில் ஒரு புடவையை அதற்கென்றே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஜனங்கள் அவள் கையைப் பிடித்துத் தங்கள் தலையில் வைத்துக்கொண்டார்கள். யார் யாரோ அம்மா என்று கூப்பிட்டார்கள். அங்கன்வாடி டப்பாக்களைக் கழுவிய கை. அவள் முகத்தில் அந்த மாதங்களில் இருந்த களையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பிள்ளை கேட்டுப் பதினைந்து வருஷம் பதில் வராதவளுக்கு, முதல் தடவையாகப் பதில் வந்திருந்தது.

விக்கிரவாண்டியில் ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். சாட்சி நீண்டுபோயிருந்தது. குறைந்தது என்பது கரைந்தது என்று ஆகியிருந்தது. கடைசியில், "டாக்டருங்களே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, இது எங்கம்மா போச்சின்னு ஆச்சரியப்பட்டாங்க" என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"எந்த டாக்டருக்கா?" என்று கேட்டேன்.

வெளியே பார்த்துக்கொண்டே, "சொல்லிக்கினே இருக்கும்போது வந்துடுச்சிடி" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்குத் தோதாக இருந்தது கேட்காமலிருப்பது. அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், சிரித்தாள். நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாரம் ஒரு போன். நல்லாருக்கியாக்கா, நல்லாருக்கேன்டி. முடிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் துணி எடுக்க விழுப்புரத்துக்கு வந்தாள். மாமாவுக்கு வேட்டி, தனக்கு ஒரு புடவை. கடைக்குப் போகுமுன் என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தாள். பவுடர் வாசனை தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு நாற்றம். லேபில் புண்ணிலிருந்து எடுத்து வருகிற சாம்பிள்களைத் திறக்கும்போது வருகிற நாற்றம். கதவைத் தாழ் போட்டேன்.

"அக்கா, ரவிக்கைய கழட்டு."

"இன்னாடி இது, போடி."

"கழட்டுக்கா."

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கழற்றினாள். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். அது ஒட்டிக்கொண்டு வரவில்லை. வெந்நீர் வைத்து நனைத்து எடுத்தேன். உள்ளே மஞ்சளும் ஜெப எண்ணெயும் பூசியிருந்தது. இவ்வளவு பெரிய புண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி பஸ்ஸேறி வந்திருக்கிறாள்.

"எத்தினி நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து ஒடைஞ்சி ஒழுவுது."

"ஏன்கா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? சாட்சி சொல்லிட்டேனே." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "மேடையில நின்னு அவரு பேரச் சொல்லி எத்தினி ஜனத்துக்கு முன்னாடி சொல்லிட்டேன். இப்பப் போயி இல்லன்னு சொன்னா அவரத்தான பொய்யாக்கறேன்?"

கடவுளின் பேர் கெட்டுவிடக் கூடாது என்று என் அக்கா தன் மார்பை அழுக விட்டிருக்கிறாள்.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "கேட்டா, உன் வாயால சந்தேகத்த சொல்லாத, அதனாலதான் ஒழுவறது நிக்கமாட்டுதுன்றா. நான் இன்னா செய்யட்டும் பாப்பா?" என்று போனில் அழுதார்.

மறுநாளே பாண்டிச்சேரி. அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்களே, ஏம்மா வரல?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"ஊர்ல வேல இருந்துச்சிம்மா" என்றாள்.

அங்கேயும் அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நுரையீரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. வலிக்கு மருந்து கொடுத்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் சம்பளம் இல்லாத லீவு போட்டுவிட்டுப் பெருமுக்கல் பக்கம் வந்துவிட்டேன். காலையில் கட்டு மாற்றுவது, கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது. வாசலில் கட்டில் போட்டால் மலையும் மேலே கோயிலும் தெரியும். அக்கா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

செய்தி தெரிந்து பாஸ்டர் ஒரு நாள் பைக்கில் வந்தார். கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு நீளமாக ஜெபித்தார். எழுந்து என்னையும் மாமாவையும் பார்த்தார்.

"அன்னிக்குக் கர்த்தர் தொட்டது உண்மை. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நடுவுல எங்கயோ விசுவாசம் தளர்ந்திருக்கு. வீட்ல யாராவது அவிசுவாசமா பேசினீங்களா?"

மாமா அதிர்ந்து பேசாத மனுஷன். கையில் இருந்த செம்பைத் தரையில் வைத்தார். "வெளிய போய்யா" என்றார். "இன்னும் ஒரு வார்த்த பேசாத. போ."

நான் பாஸ்டர் பின்னாலேயே போனேன். அக்காவின் சாட்சியை அவர்கள் யூடியூபில் போட்டிருந்தார்கள். அதையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் பைக்கின் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதப் பாத்து எத்தினியோ பேரு பெலப்பட்டிருக்காங்க சிஸ்டர். அத நான் எப்படி எடுக்கறது?" என்றார். அவர் அழுததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்கு அவருக்கு என்ன உரிமை இருந்தது?

பழைய சர்ச்சின் ஆயரும் வந்தார். அக்கா ஜெபவீட்டுக்குப் போன மாதங்களில் அவர் ஒரு தடவைகூட வந்து கேட்டதில்லை. இப்போது திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுக்க வந்தார். முடிந்ததும் அக்கா அவரிடம் கேட்டாள்.

"ஐயா, விசுவாசம் போயிடுச்சின்னா நம்பிக்கையும் போயிடுமா?"

ஆயர் கிண்ணத்தைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "போகாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"படிச்ச நீங்களே நெனைக்கிறேன்னு சொன்னா நாங்க எங்க போறது?" என்று அக்கா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. எனக்கு அவர்மேலும் கோபம்தான். ஒருவர் எல்லாம் தெரியும் என்றார், இன்னொருவர் ஒன்றும் தெரியாது என்றார். நடுவில் இவள் படுத்திருந்தாள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், மாமா திண்டிவனத்துக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தார். கட்டு மாற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தேன். இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"அக்கா, கூட்டேரிப்பட்டுல நான் பொய் சொன்னேன்கா. கொறையவே இல்ல. எனுக்குத் தெரியும்."

அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்கும் தெரியும்டி" என்றாள். "என் கையிலயும் பட்டுச்சே. அப்படியேதான் இருந்துச்சி."

"பின்ன ஏன்கா மேடையில ஏறுன?"

"நீ கொறைஞ்சிருக்குதுன்னு சொன்ன. சரி, இருக்கட்டும்னு தோணுச்சி. அறுக்கறதுன்னா எனுக்கு அவ்ளோ பயம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அப்புறம், கூப்ட்டாங்கல்ல. நம்மள இதுவரைக்கும் யாருடி மேடைக்குக் கூப்ட்டாங்க?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் முழங்கை அவள் கைக்கு எட்டியது, அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு இருந்ததுக்குப் பேரு நம்பிக்க இல்லடி. இப்பத்தான் தெரியுது. பயந்துக்கினு ஓடிப் போயி இயேசப்பா சட்டையப் புடிச்சிக்கினேன், நீ செஞ்சே தீரணும்னு. இப்ப ஒன்னும் கேக்கல. வலி கொறையணும்னுகூட கேக்கல. அவரு இருக்காரு. சும்மா கூட இருக்காரு."

"இருந்து?"

"இருந்துன்னா? எங்கயோ கூட்டிக்கினு போவாரு. எங்கன்னு தெரியல. விட்டுடமாட்டாரு."

"எப்படிக்கா தெரியும்?"

"தெரியலடி. தெரிஞ்சா அப்புறம் அதுக்குப் பேரு வேற."

கேட்கிறவர்களுக்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சும்மா கூட இருப்பதற்கு ஒரு கடவுள் எதற்கு? கூட நான் இருந்தேன், மாமா இருந்தார். புண் துடைத்தது நாங்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்த மைதானத்தில், போய் ஆபரேஷன் பண்ணிக்கோ என்று அவள் காதில் ஒரு வார்த்தை சொல்ல அந்தக் கடவுளால் முடியாமல் போயிற்றா? இதை நான் அவளிடம் கேட்கவில்லை. அவள் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்குவானேன் என்று சும்மா இருந்தேன்.

பங்குனி முதல் வாரம், பகல் பதினோரு மணிக்கு, நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். மாமா கூப்பிட்ட குரலிலேயே தெரிந்தது.

அடக்கத்துக்கு ஜெபவீட்டுக்காரர்கள் இருபது பேர் வந்து தெரு ஓரமாக நின்றார்கள். பாஸ்டர் வரவில்லை. ஒரு பெண் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அழாதீங்க சிஸ்டர், அம்மாவுக்குப் பூரண சுகம் கெடச்சிடுச்சி" என்றாள். நான் அவள் கையை எடுத்து விலக்கினேன். அங்கன்வாடிப் பிள்ளைகள் சிலரை அவர்கள் அம்மாக்கள் கூட்டி வந்திருந்தார்கள். ஊர்த்தெருவிலிருந்தும் இரண்டு பேர் வந்து, காலனி முனையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆயர் குழிக்கரையில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பற்றி வாசித்தார். நான் மண் போட்டேன். அந்த வார்த்தைகள் என் காதில் விழுந்தன, அதற்கு மேல் போகவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் கல்லறைக்குக் கல் வைக்கவேண்டும் என்று மாமா சொன்னார். கல் பதிக்கிறதை அவரே செய்வார், எழுத்து மட்டும் வெட்டவேண்டும். திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் கருங்கல்லில் எழுத்து வெட்டுகிற ஒருவரிடம் போனோம். கடை வாசலில் அம்மிக்கல், அடிக்கல், ஏதோ கட்சிக் கொடிமேடைப் பலகை எல்லாம் சாய்த்து வைத்திருந்தது. அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். கிறிஸ்தவர்கள் கல்லில் போடுகிற வாசகங்களை அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். நல்ல போராட்டத்தைப் போராடினாள், விசுவாசத்தில் நித்திரையடைந்தாள் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன்.

"பேரு போடு, பொறந்தது செத்தது போடு, போதும்" என்றார் மாமா. "வசனம்லாம் வேணாம். வசனம் சொல்லித்தான் கொன்னாங்க."

கல்வெட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "வழக்கமா ஒரு வரி போடுவாங்கம்மா. விசுவாசத்தில்னு போடலாம், இல்லன்னா உயிர்த்தெழும் நம்பிக்கையில்னு போடலாம். எழுத்து கம்மியா இருந்தா பெருசா வெட்டலாம், தூரத்துலேர்ந்து தெரியும்."

ஒரு அம்மிக்கல்மேல் உட்கார்ந்தேன். விசுவாசம் என்ற சொல்லை அவள் தலைமாட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் வேட்டித்துணியைப் புண்ணில் மடித்து மடித்து வைத்தாள். அப்படியானால் மற்றது, நம்பிக்கை? அது எனக்கு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஞாயிறு சர்ச்சுக்குப் போகிறேன், கடைசி பெஞ்சில் உட்காருகிறேன், எல்லாரும் எழுந்தால் எழுகிறேன். இறந்தவர்கள் எழுவார்கள் என்று சொல்லும் இடம் வரும்போது என் வாய் மூடிக்கொள்கிறது. அக்காவை மறுபடி பார்ப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் தோன்றுகிறது.

ஆனால் கல் எனக்கில்லை.

"மாமா, ஒரே ஒரு வார்த்த போடலாம்" என்றேன். "நம்பிக்கையில். அது மட்டும்."

"உனுக்கு அதுல நம்பிக்க இருக்குதா பாப்பா?"

"இல்ல மாமா. அவளுக்கு இருந்துச்சி."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கல்வெட்டுக்காரர் தாளில் எழுதிக் காட்டி, சந்திப்பிழை இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் கல் வந்தது. மாமா நாள் முழுக்க உட்கார்ந்து சிமெண்ட் பூசி, மட்டம் பார்த்துப் பதித்தார். கொஞ்சம் சாய்ந்திருப்பதாக அவருக்கு ஒரு குறை. வேலைக்குப் போகிற வழியில் நின்று நின்று அதையே பார்த்துவிட்டுப் போகிறார். நான் அதன்பிறகு இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் ஜெபிக்கவில்லை. கல்லைச் சுற்றி முளைத்திருந்த அருகம்புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.